துவாயில் கட்டிய வெறும் ஏனம்

என் மனைவி என்னை நம்பிச் சொன்ன ஒரு விடயத்தை, ஒரு கோப்பை பிளேன்டி ஆறுவதற்குள் ஊருக்குச் சொன்னவன் நான். சிரிப்பு மூட்டத்தான் சொன்னேன். எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன பகிடிகளில் அதைப்போல எடுபட்டது வேறொன்றில்லை. நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

கல்வித் திணைக்களத்தில் ஆசிரியராகத் தொடங்கி நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஊர், கடல் உள்ளே புகுந்து நிற்கும் புத்தளம் களப்பின் ஓரத்தில், கற்பிட்டி வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே இறங்கி இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் களப்பு, நடுவில் நாங்கள். படித்தவன் ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டால் அவனைச் சும்மா இருக்க விடமாட்டார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் போடுவார்கள், அல்லது ஏதாவது ஒரு குழுவில் போடுவார்கள். என்னை நடைபாதைக் குழுவுக்குத் தலைவனாகப் போட்டார்கள்.

எங்கள் வைத்தியசாலையில் கிளினிக் நாளன்று போய்ப் பார்த்தால் ஊரே அங்கேதான் இருக்கும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல். கல்யாண வீட்டில் காணக் கிடைக்காதவரைக்கூட அங்கே காணலாம். மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதைவிட மக்களை நடக்கவைப்பது மேல், அதற்கு ஊர்தோறும் நடக்க இடம் செய்துகொடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஒரு திட்டம் வந்தது. நல்ல திட்டம். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். எங்கள் ஊருக்கான முன்மொழிவை மூன்று மொழியிலும் நானே எழுதினேன். ‘நடப்பதற்குத் தடையாக உள்ளவை’ என்று அதில் ஒரு தலைப்பும் போட்டேன். தெருநாய், வெயில், இருட்டு என்று வரிசையாக எழுதியவன் என்னை எழுத மறந்துவிட்டேன்.

பாதை அழகாகவே வந்தது. இறங்குதுறையில் தொடங்கி, பள்ளிவாசலின் பின்மதில் வரை, களப்பை ஒட்டியபடி கல் பதித்துப் போட்டார்கள். விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். நடுவில் உடற்பயிற்சி செய்ய நான்கைந்து இரும்பு இயந்திரங்களும் பூட்டினார்கள். உப்புக் காற்று அவற்றை வந்த வேகத்திலேயே பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மீனவர்கள் பிடித்துக்கொண்டார்கள், வலை காயப்போட அவ்வளவு தோதான கம்பிகள் வேறெங்கும் இல்லை என்று. திறப்பு விழாவுக்கு முன்னரே பாதையில் நடக்கத் தொடங்கியவை எங்கள் ஊர்க் கழுதைகள். ஒரு நாளும் தவறாமல், ஒன்றன்பின் ஒன்றாக, வலப்பக்கம் ஒதுங்கி நடப்பவையும் அவைதான்.

பாதையோரம் உட்காரப் போட்ட வாங்குகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிலாபத்துப் பக்கத்து இளைஞர். அவர் வரைந்த படத்தில் சீமெந்து வாங்குகள் எல்லாம் களப்பைப் பார்த்தபடி இருந்தன. நான்தான் அவற்றைப் பாதையைப் பார்க்கும்படி திருப்பி வரையச் சொன்னேன். வயதானவர்கள் வருகிறவர் போகிறவரோடு நாலு வார்த்தை கதைத்தால் மனதுக்கு நல்லது, மனநலமும் சுகாதாரம்தான் என்று விளக்கம் கொடுத்தேன். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், படத்தை ஒரு தரம் பார்த்தார், அழித்துவிட்டு மாற்றி வரைந்தார். உண்மைக் காரணம் அதுவல்ல. மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அந்த வாங்குகளில் உட்காரப்போகிறவர்களில் நானும் ஒருவன். யார் வருகிறார், யார் போகிறார், யாருடன் போகிறார் என்று பார்க்க எனக்கு ஆசை. பிறந்த நாளிலிருந்து பார்க்கும் களப்பில் புதிதாக என்ன இருக்கிறது?

பாதைக்கு நான் மோட்டார் சைக்கிளில் போவேன். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், எங்கள் ஊரில் யாரும் சிரிக்கமாட்டார்கள். இங்கே ஒருவர் சும்மா நடந்து போனால் பின்னால் வரும் வாகனம் நின்றே ஆக வேண்டும். “ஏறுங்க, எங்க போகணும்?” என்று கேட்காமல் கடந்து போவது மரியாதைக் குறைவு. ஏற மறுப்பதும் மரியாதைக் குறைவு. எங்கும் போகவில்லை, நடக்கத்தான் வந்தேன் என்று சொன்னால் முகத்தைக் கவலையோடு பார்ப்பார்கள். வீட்டில் சண்டையா, வாகனத்தை விற்றுவிட்டாரா என்ற கேள்வி அந்தப் பார்வையிலேயே இருக்கும். ஆண்களுக்கே இப்படி என்றால் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் மோட்டார் சைக்கிளில் போய், இறங்கி, அங்கொரு தரம் இங்கொரு தரம் நடந்து, வாங்கில் உட்கார்ந்து, பக்கத்துக் கடையில் பிளேன்டியும் மீன் ரோல்ஸும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வருவேன். நடந்து கரைத்ததைவிட உட்கார்ந்து சேர்த்ததுதான் அதிகம்.

பெண்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது அல்லவா, அதற்காகக் குழுவில் ஒரு நேரம் ஒதுக்கினோம். ‘பெண்களுக்கு மட்டும்: காலை 10 முதல் 11 வரை’ என்று பலகை வைத்தோம். அந்த நேரத்தை முன்மொழிந்தவனும் நானே. வேறு நேரங்களில் நாங்கள் அங்கே இருப்போமே. களப்பு முழுவதும் கண்ணாடிபோல் மின்னி, கல் பாதை செருப்பைத் தாண்டிச் சுடும் நேரம் அது. பலகையைப் பற்றி வீட்டில் பெருமையாகச் சொன்னபோது, மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள்:

“அந்த நேரத்துல சோற ஆரு ஆக்கிற? கழுதையா?”

நான் சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டேன். அடுத்த கூட்டத்தில், ‘பெண்கள் மத்தியில் ஆர்வம் போதாது’ என்று நானே அறிக்கை கொடுத்தேன்.

அவளுக்குச் சீனி பல வருடங்களாக இருந்தது. அதை ஒரு பெரிய விடயமாக நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை. பலகை வைத்த பிறகு வந்த கிளினிக்கில் டொக்டர் மிஸ் இரத்தப் பரிசோதனைக் கடுதாசியைப் பார்த்துவிட்டுக் குளிசையைக் கூட்டி எழுதவில்லை. பேனையைக் கீழே வைத்தார். அவர் சிங்களவர், தமிழை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பேசுவார்.

“அம்மா, அடுத்த கிளினிக் வரைக்கும் பாப்பம். ஒவ்வொரு நாளும் நடக்கணும். குறையல்ல எண்டா ஊசி தொடங்கணும்.”

என் மனைவி எதற்கும் இலகுவில் பயப்படுகிறவள் அல்ல. ஆனால் ஊசி என்றதும் என் கையைப் பிடித்தாள். அவளுடைய அக்கா, நாங்கள் லாத்தா என்போம், ஊரின் மறுமுனையில், உப்பளத்துக்கு அப்பால் இருக்கிறாள். லாத்தாவுக்கு ஊசி போட்டு வந்தவள் இவள்தான். லாத்தாவின் கால் பெருவிரலை எடுத்த நாளில் வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்திருந்தவளும் இவள்தான். ஊசி என்றால் அவளுக்கு அதன் பின்னால் வரும் எல்லாமும்தான்.

மறுநாளே பாதைக்குப் போனாள். அவள் தனியாகப் போவது எனக்குத் தெரியாது, நான் புத்தளத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். பிறகுதான் சொன்னாள். வாங்கு வாங்காக ஸலாம் வந்ததாம். “சேர் எங்க, தனியா வந்திரிக்கீங்க?” என்று ஒருவர். “ஏதும் தொலைஞ்சி போச்சா, தேடித் தரட்டா?” என்று இன்னொருவர். எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பாதியில் திரும்பி வீதிக்கு ஏறியவளை ஒரு முச்சக்கரவண்டிக்காரத் தம்பி நிறுத்தி, எவ்வளவு சொல்லியும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் விட்டிருக்கிறான். அன்று இரவு என் நண்பர், உப்பளம் வைத்திருக்கும் ஹாஜியார், வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்கு வந்தார். வந்தவர் நெடுநேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். எங்கள் இருவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று பார்க்க வந்திருக்கிறார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

“இனி அந்தப் பக்கம் போகமாட்டன்” என்று சொன்னாள். நான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறேன், நானும் கூடவே நடக்கிறேன் என்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அணிவகுப்பு மாதிரி நடக்கத் தன்னால் ஏலாது என்றாள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

சில நாட்களில் வீட்டில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. அசர் தொழுததும் மனைவி ஒரு எனாமல் ஏனத்தை மூடி, துவாயால் சுற்றிக் கட்டி, இடுப்பில் அணைத்துக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் புறப்படுவாள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சாப்பாடு போவது புதிதல்ல. நல்ல கறி ஆக்கினால் ஒரு ஏனத்தில் போட்டு மூடி இரண்டு வீட்டுக்காவது அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூடப் போவாள்; அவளுடைய கையிலும் ஒரு ஏனம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்த குடும்பம் அவர்களுடையது. அன்று சின்னப்பிள்ளை, இன்று பேரப்பிள்ளை கண்டவள். ஒரே மதிலில் இரண்டு வீட்டுக்கும் கதை நடக்கும்.

நோயாளி லாத்தாவுக்கு இவ்வளவு கரிசனையா என்று நான் உள்ளுக்குள் பூரித்தேன். பிறகு மெல்ல ஒரு மனக்குறை வந்தது. நாள் தவறாமல் ஏனம் போகிறது, எனக்கோ மத்தியானம் மிஞ்சிய பருப்பும் சொதியும்தான் வருகிறது. லாத்தாவுக்கு என்ன போகிறது? ஒரு மாலை அவள் திரும்பி வந்து முகம் கழுவப் போனபோது, மேசையில் இருந்த ஏனத்தின் துவாயை அவிழ்த்துப் பார்த்தேன். ஏதாவது ஒட்டியிருந்தால் வழித்துத் தின்னலாம் என்ற எண்ணம்தான். உள்ளே கழுவித் துடைத்தாற்போல் சுத்தம். மூடி ஆடிச் சத்தம் போடாமல் இருக்க மடித்து வைத்த, கைதுடைக்கும் லேஞ்சி ஒன்று மட்டும் இருந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். கதிரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.

மதிலில் கதைக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன யோசனையாம் அது. அகதி முகாமில் இருந்த காலத்தில், சும்மா போகிற பெண்ணை எல்லோரும் மறித்துக் கேள்வி கேட்பார்களாம், கையில் ஒரு வாளியோ சட்டியோ இருந்தால் யாரும் கேட்பதில்லையாம். மூடிய ஏனத்தோடு போகிறவள் ஒரு வேலையாகப் போகிறாள். அவளை முச்சக்கரவண்டிக்காரனும் மறிக்கமாட்டான், சாப்பாடு கொட்டுப்பட்டால் அவனுடைய சீட்டுத்தானே பாழாகும். இப்படியே பள்ளிக்கூட ஒழுங்கையால் போய், உப்பளத்து வரம்பில் ஏறி, லாத்தா வீட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, சுற்றிக்கொண்டு வருவார்களாம். லாத்தாவுக்கும் எல்லாம் தெரியும். தெருவில் இன்னும் சில பெண்களும் ஏனம் தூக்கத் தொடங்கியிருந்தார்கள். மாலையில் வீங்கும் கால் இப்போது வீங்குவதில்லை, பழைய செருப்பு மீண்டும் கொள்கிறது என்று காலை நீட்டிக் காட்டினாள்.

“இஞ்ச பாருங்க, ஒருத்தர்ட்டயும் வாயத் திறந்திராதீங்க. தெரிஞ்சா அதோட முடிஞ்சிது.”

நான் வாக்குக் கொடுத்தேன். மனப்பூர்வமாகவே கொடுத்தேன்.

ஒரு வாரம் காப்பாற்றினேன் என்று நினைக்கிறேன். அன்று வாங்கில் வழமையான கூட்டம். ஹாஜியார் நடுவில் இருந்தார். நம் ஊர்ப் பெண்களுக்கு நடக்கிற பழக்கமே இல்லை, பாதை போட்டுக் கொடுத்தும் வீட்டுக்குள் குந்திக்கொண்டு ஆஸ்பத்திரியை நிரப்புகிறார்கள் என்று தொடங்கினார். குழுவில் நான் கொடுத்த அறிக்கையைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். எனக்கு வாய் அரித்தது. பெண்களுக்காகப் பேசுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். “நீங்க ஒண்டு ஹாஜியார், அவங்க உங்களையும் என்னையும் ஏமாத்திக்கிட்டு ஊரையே சுத்தி வாறாங்க” என்று தொடங்கி, ஏனம், துவாய், லேஞ்சி, முச்சக்கரவண்டி சீட் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். நாற்பது வருடம் வகுப்பறையிலும் மேடையிலும் பழகிய குரல். ஹாஜியார் சிரித்த சிரிப்பில் அவருடைய தேத்தண்ணி உடுத்திருந்த சாரத்தில் ஊற்றுப்பட்டது.

மறுநாள் மாலை என் மனைவி போன வேகத்தில் திரும்பி வந்தாள். பள்ளிக்கூட ஒழுங்கை முனையிலேயே ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து, “மாமி, இண்டைக்கி என்ன கறி?” என்று கேட்டிருக்கிறது. அடுத்தது, “எங்களுக்கும் ஒரு கரண்டி” என்றிருக்கிறது. முச்சக்கரவண்டிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயிருக்கின்றன. உண்மையாகவே சாப்பாடு கொண்டுபோன ஒரு பெண்ணையும் விடவில்லையாம். பாவம், அவள் மூடியைத் திறந்து புட்டைக் காட்டிவிட்டுத்தான் போனாளாம்.

மனைவி ஏனத்தை அலுமாரிக்கு மேலே வைத்தாள். சத்தம் போடவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள். என்னைப் பார்க்காமல் ஒன்று சொன்னாள்:

“நான் உங்கள்ட்ட சொன்னது சிரிக்கிறத்துக்கு இல்ல.”

பக்கத்து வீட்டுப் பெண் மதிலோரம் வருவதை நிறுத்திவிட்டாள். நான் முற்றத்தில் நின்றால் அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தம்கூட அடங்கும். தெருவில் ஒரு ஏனமும் நடக்கவில்லை. கிளினிக் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாலையில் மனைவி காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தேன். செருப்பின் பட்டி பாதத்தில் பதிந்திருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்கத் தெரியாதவன் அல்ல நான், நீளமாகவே கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“மன்னிப்ப வெச்சி நான் என்ன செய்ய, அதுல நடக்க ஏலுமா? அந்த வாங்குகளக் கடலப் பாத்துத் திருப்புங்க. அது ஏலுமெண்டா செய்ங்க.”

குழுவைக் கூட்டினேன். வாங்குகளைத் திருப்ப வேண்டும், அப்படித்தான் முதல் படத்தில் இருந்தது, மாற்றியது என் பிழை என்று சொன்னேன். சிலாபத்துத் தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தார், பென்சிலை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் மறுத்தார்கள். கடலில் என்ன இருக்கிறது பார்க்க என்றார்கள், முதுகைக் காட்டிக்கொண்டு எப்படி ஸலாம் சொல்வது என்றார்கள். ஹாஜியார் மட்டும் அன்று என்னவோ வாயே திறக்கவில்லை. கடைசியில், சபையின் அனுமதி வேண்டும், அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று முடிந்தது. குழுக்களின் வேகம் எனக்குத் தெரியும். நானும் பல காரியங்களை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியே ஓய்வு பெற்றவன்.

அடுத்த கூட்டம் வரும்வரை அவளுடைய கால் காத்திருக்காது. அன்று அசருக்குப் பிறகு அலுமாரி மேலிருந்த ஏனத்தை நான் இறக்கினேன். துவாயில் கட்டினேன். மோட்டார் சைக்கிளைத் தொடாமல் தெருவில் இறங்கினேன்.

வெள்ளைச் சாரமும் தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு கிழவன் பெண்களின் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு போவதை ஊர் அதுவரை கண்டதில்லை. முதல் முச்சக்கரவண்டி வீதிக்குக் குறுக்கே நின்றேவிட்டது. ஏனத்தில் என்ன என்று அந்தத் தம்பி கேட்டான். நான் துவாயை அவிழ்த்து, மூடியைத் திறந்து, வெறும் ஏனத்தைக் காட்டினேன். “ஒண்டுமில்ல தம்பி. நடக்கிறன்.” அவன் உள்ளே பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் திறந்து காட்டினேன். கடைவாசலில் கேட்டவர்களுக்கும் காட்டினேன். உப்பளத்து வரம்பில் வேலையாட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்கள், அவர்களுக்கும் காட்டினேன். லாத்தா வீட்டில் தண்ணீர் குடித்தபோது, “உன்ட வாயும் இந்த ஏனத்தப் போல மூடி இரிந்திரிக்கணும்” என்றாள் லாத்தா. அவள் என்னைவிட மூத்தவள், சொல்லலாம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. பாதைக் குழுத் தலைவனுக்கு ஊரைச் சுற்றி வர முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் போனேன். நான் முன்னால் போவேன், கேலி முழுவதும் என்மேல் கொட்டித் தீரும். “சேர் இண்டைக்கி என்ன கறி?” என்ற கேள்விக்குத் தினம் ஒரு பதில் வைத்திருந்தேன், இறால் என்பேன், கணவாய் என்பேன். அதற்குள் ஊருக்கு ஒரு புதுப் பகிடி கிடைத்துவிட்டது, பழையதை யாரும் பெண்களிடம் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவனையும், “அது சேர்ட பகிடி” என்று மற்றவர்கள் அடக்கினார்கள். ஒரு மாலை நான் புறப்படும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“நானா, ஏனத்த ஃபைல் மாதிரிப் புடிச்சிக்கிட்டுப் போறீங்க. இடுப்புல வைங்க.”

எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்தப் பெண் என்னை அண்ணனாக, நானா என்று கூப்பிட்டுப் பேசிய முதல் பேச்சு அது. நான் ஏனத்தை இடுப்பில் வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது, ஒழுங்கை முனையில் இரண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுப் பெண். மற்றவளின் நடையை எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். இருவர் கையிலும் ஒன்றுமில்லை.

வாங்குகள் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு திரும்பின. சபை அனுமதி வாய்மொழியாக வந்திருந்தது. ஆட்களை அனுப்பத்தான் வழியில்லை என்றார்கள். நான் பாதைக்குப் போனபோது ஹாஜியார் தன் உப்பளத்து ஆட்களை இரும்பு அலவாங்குகளோடு கூட்டிவந்து முதலாவது வாங்கைக் கிளப்பிக்கொண்டிருந்தார். சிலாபத்துத் தம்பி லீவு போட்டுவிட்டு வந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நம்ப முடியவில்லை. ஹாஜியார் என்னைத் தனியே அழைத்துப்போய், வலை காயும் இயந்திரத்துக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னார்:

“சேர், ஒரு மாசமா என்ட பொஞ்சாதி உங்கட வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோறா எண்டு நெனச்சிக்கிட்டிருந்தன். ஒரு நாளாவது நல்லா இரிந்திச்சி எண்டு ஒரு வார்த்த நீங்க சொல்லல்ல. நன்றியில்லாத மனுசன் எண்டு உங்கள மனசுக்குள்ள ஏசின ஏச்சு கொஞ்சமில்ல. நீங்க அண்டைக்கி அந்தக் கதையச் சொல்லி நான் சிரிச்சிட்டு வீட்ட போனா, அலுமாரில ஏனம் இரிக்கி, உள்ளுக்கு லேஞ்சி.”

“நீங்க ஒண்டும் கேக்கல்லையா?”

“கேட்டன். பாதையில வாங்கெல்லாம் நிறைய நீங்கதானே குந்திக்கிட்டிரிக்கீங்க எண்டு சொன்னா. அதுக்குப் பொறகு நான் என்னத்தக் கேக்கிற?”

இருவரும் சாரத்தைத் தூக்கிக் கட்டினோம். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடிக்கப் போனோம். எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், அதுவே உதவி என்றார்கள். பொழுது சாயும்போது எல்லா வாங்குகளும் களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்று உட்கார்ந்து பார்த்தோம். எதிர்க்கரையில் மின்சாரக் காற்றாடிகள் வரிசையாகச் சுழன்றன. ஒரு வள்ளம் இறால் வலையோடு திரும்பியது. ஹாஜியார் அதையே நெடுநேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு நாளும் நமக்குப் பின்னால் இவ்வளவும் நடந்திருக்கிறது என்றார்.

பெண்கள் உடனே வந்துவிடவில்லை. முதலில் என் மனைவியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்தார்கள். சில நாளில் ஹாஜியாரின் மனைவி வந்தார். பிறகு எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். அறிக்கை எழுதும் புத்தி மறுபடி வந்துவிடும் என்ற பயம்.

கிளினிக் நாளன்று இருவரும் போனோம். அவள் என் கையைப் பிடிக்கவில்லை, தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டொக்டர் மிஸ் கடுதாசியைப் பார்த்தார், பழையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்லாக் குறையவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது, நடுவில் கொஞ்ச நாள் நடக்கவில்லையா என்று கேட்டார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஓம், கொஞ்ச நாள் நடக்க முடியாமல் போனது என்றாள். காரணம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் சொல்லவில்லை.

“ஊசி இப்ப வேணாம் அம்மா. இன்னும் நடங்க.”

வைத்தியசாலை வாசலில் என் மோட்டார் சைக்கிள் நின்றது. நீங்கள் போங்கள், நான் நடந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வெயிலில் குடையை விரித்தாள்.

அன்று மாலை புறப்படும்போது ஏனத்தை அவளே என் கையில் கொடுத்தாள். துவாய் இறுக்கமாகக் கட்டியிருந்தது. வழமையைவிடப் பாரமாக இருந்ததுபோலப்பட்டது, முழங்கால் போலக் கையும் கிழடாகிறது என்று நினைத்துக்கொண்டேன். பாதையில் வாங்குகளின் முதுகுகள் வரிசையாக இருந்தன. பெண்கள் அவற்றுக்குப் பின்னால் போனார்கள். ஸலாம் முதுகுப் பக்கமாகப் போயிற்று, முதுகுப் பக்கமாகவே பதிலும் வந்தது. நான் எட்டியதும் ஹாஜியார் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

“சேர், இண்டைக்கி என்ன கறி?”

“யானை இறைச்சி” என்று சொல்லிக்கொண்டே, வழமைபோல வெறும் ஏனத்தைக் காட்ட மூடியைத் திறந்தேன். உள்ளே அவித்த கடலை, தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தது, ஏனத்தின் விளிம்பு வரை. இன்னும் ஆவி பறந்தது. ஹாஜியார் கடலிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு வாங்கிலிருந்த அத்தனை கைகளும் ஏனத்துக்குள் வந்தன. எனக்கென்று ஒரு பிடி எடுக்க நான் பட்டபாடு கொஞ்சமல்ல.

கடலையை மென்றுகொண்டு பாதையை நிமிர்ந்து பார்த்தேன். அவள் எங்களைக் கடந்து, கழுதைகளையும் கடந்து, பள்ளிவாசல் மதிலை எட்டிக்கொண்டிருந்தாள். எனக்காக நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நல்ல வேகத்தில் நடந்துகொண்டிருந்தாள்.